சுக்கோத் பண்டிகை: பந்தலில் யாருக்கெல்லாம் இடம்?

யூதர்களின் ஆண்டுப் பண்டிகைகளில் சுக்கோத் என்பது ஏழு நாட்கள் நீளும் அறுவடைத் திருவிழா. தமிழ் விவிலியத்தைப் படித்தவர்கள் இதைக் கூடாரப் பண்டிகை என்ற பெயரில் அறிந்திருப்பார்கள். யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமுக்குச் சென்றது இந்தப் பண்டிகைக் காலத்தில்தான். எபிரேய நாட்காட்டியின்படி திஷ்ரி மாதம் 15ஆம் தேதி, முழுநிலவை ஒட்டி இது தொடங்குகிறது. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ வரும். அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாளில் உணவும் நீரும் இன்றி ஒரு முழு நாள் நோன்பிருந்திருப்பார்கள். நோன்பு முடிந்த அன்றிரவே முற்றத்தில் பந்தல் வேலையைத் தொடங்கிவிடுவது பல குடும்பங்களின் வழக்கம். அந்தப் பந்தலுக்குப் பெயர் சுக்கா. ஏழு நாளும் சாப்பாடு அதில்தான். தட்பவெப்பம் இடம் கொடுத்தால் உறக்கமும் அங்கேயே.

இந்தப் பண்டிகையைப் பற்றிய அறிமுகங்கள் பெரும்பாலும் பந்தலையும் அதன் அலங்காரத்தையும் விவரிப்பதோடு நின்றுவிடுகின்றன. ஏழைகளையும் அந்நியர்களையும் உபசரிப்பது, விழாவோடு சேர்த்துச் செய்துகொள்ளக்கூடிய ஒரு நற்செயல் என்ற அளவில் கடைசியில் ஒரு வரி வரும். மூல நூல்களின் நிலை அதைவிட மிகக் கண்டிப்பானது. ஏழைக்கு இடமில்லாத பந்தலில் நடப்பதைப் பண்டிகை மகிழ்ச்சி என்றே அவை ஏற்கவில்லை. அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது, இன்றைய கொண்டாட்டத்தில் அது எப்படி வெளிப்படுகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் பந்தலைப் பார்த்துவிடலாம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, இதற்கென்று ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கியிருக்கிறது. சுக்காவின் உயரம் 20 முழத்தைத் தாண்டக்கூடாது, 10 கையகலத்துக்குக் குறையவும் கூடாது. சுவர் பலகையாக இருக்கலாம், துணியாக இருக்கலாம். கட்டி நிறுத்திய யானையைச் சுவராகக் கணக்கிடலாமா என்றுகூட, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் பிற்காலத் தொகுப்பான தல்மூத் அலசி, ஆம் என்கிறது. கெடுபிடி எல்லாம் கூரையில்தான். கூரைக்கு மண்ணில் விளைந்து, வேரிலிருந்து வெட்டப்பட்ட பொருள்தான் வேண்டும்: ஓலை, தழை, மூங்கில், வைக்கோல் போன்றவை. உலோகத் தகடு செல்லாது. பிளாஸ்டிக் விரிப்பும் செல்லாது. உயிரோடு நிற்கும் மரத்தின் அடியிலோ வேறொரு கூரையின் கீழோ பந்தல் போட்டால் அதுவும் செல்லாது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகமாக இருக்க வேண்டும். ஆனால் இரவில் நட்சத்திரங்கள் தெரியுமளவுக்கு இடைவெளி விடுவதும் மரபு. எருசலேமின் சமயப் பற்றுமிக்க குடியிருப்புகளில், ஒவ்வொரு வீட்டு பால்கனிக்கும் மேலே திறந்த வானம் கிடைக்கும்படி, ஒன்றின் நேர்மேல் இன்னொன்று வராமல் விலக்கி விலக்கிக் கட்டியிருப்பார்கள். சுருங்கச் சொன்னால், மழை வந்தால் ஒழுக வேண்டும் என்றே சட்டம் போட்டுக் கட்டப்படும் கூரை இது.

இப்படியொரு பந்தலில் போய் அமர்வதற்கு விவிலியம் இரண்டு காரணங்கள் தருகிறது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியேறிய மக்கள் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதை வருங்காலத் தலைமுறைகள் அறிந்திருக்க வேண்டும் என்கிறது லேவியராகமம் 23ஆம் அதிகாரம். களத்துத் தானியத்தையும் ஆலையில் பிழிந்த திராட்சை ரசத்தையும் சேர்த்து முடித்தபின் இந்தப் பண்டிகையைக் கொண்டாடு என்கிறது உபாகமம் 16ஆம் அதிகாரம். களஞ்சியம் நிரம்பி, ஆண்டிலேயே கையில் அதிகம் இருக்கும் வாரத்தில், நல்ல வீட்டை விட்டுவிட்டு ஓலைக்குடிலுக்கு ஏன் போக வேண்டும்? 12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் வாழ்ந்த ராஷ்பாம் என்னும் உரையாசிரியர் இரண்டு காரணங்களையும் இணைத்து விடை சொல்கிறார். வயலும் வீடும் நிறைந்திருக்கும் வேளையில்தான் மனிதன், "இதெல்லாம் என் கைப்பலத்தால் சேர்த்தது" என்று நினைக்கத் தொடங்குகிறான். அந்த வேளையில், நிலமோ வீடோ இல்லாமல் பாலைவனத்தில் அலைந்த நாட்களை நினைவுபடுத்துவதற்காகவே அவனை வெளியே வரச் சொல்கிறது சட்டம் என்பது அவருடைய விளக்கம். கூரைக்கு எது ஏற்றது என்று தேடிய தல்மூத் அறிஞர்களும், களத்திலும் ஆலையிலும் எஞ்சிக் கிடக்கும் தாளையும் கொடியையும்தான் சுட்டிக்காட்டினார்கள். விளைச்சல் களஞ்சியத்துக்குப் போகிறது. மிஞ்சிய தழையின் கீழே விளைவித்தவன் உட்கார்கிறான்.

உபாகமத்தின் அதே பகுதி, மகிழ வேண்டியவர்கள் யார் என்றும் பட்டியலிடுகிறது. வீட்டுத் தலைவன், அவன் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, ஊரிலுள்ள லேவியன், அந்நியன், அநாதை, விதவை. பட்டியலின் பிற்பகுதியைக் கவனிக்க வேண்டும். லேவியர் குலத்துக்கு இஸ்ரவேலில் நிலப் பங்கு கிடையாது. அந்நியனுக்கும் பரம்பரை நிலம் கிடையாது. அநாதைக்கும் விதவைக்கும் உழுது விதைக்க ஆள் கிடையாது. ஆக, அறுவடைத் திருவிழாவில் அறுவடையே இல்லாதவர்களைப் பெயர் சொல்லி உட்காரவைக்கிறது இந்தச் சட்டம். "உன்னுடையவர்கள் நால்வர், என்னுடையவர்கள் நால்வர்; என் நால்வரை நீ மகிழவைத்தால், உன் நால்வரை நான் மகிழவைப்பேன்" என்று கடவுள் சொல்வதாகப் பழைய விளக்கம் ஒன்றை ராஷி என்னும் உரையாசிரியர் பதிவுசெய்திருக்கிறார்; ராஷ்பாமின் தாய்வழித் தாத்தா அவர்.

விருந்துக்கு அழைப்பது ஒரு வாரத்தோடு முடிந்துவிடும். அதனால் அறுவடை நடக்கும்போதே வேறொரு ஏற்பாடும் இருந்தது. வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். மறந்துபோன அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. ஒலிவ மரத்தை ஒருமுறை உதிர்த்த பிறகு கிளை கிளையாகத் தேடக்கூடாது. திராட்சைத் தோட்டத்தில் இரண்டாம் முறை பறிக்கக்கூடாது. மிஞ்சியதெல்லாம் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. நில உரிமையாளர் மனமிரங்கிக் கொடுப்பதாக இது எழுதப்படவில்லை. ஏழைகள் தாமே வந்து எடுத்துக்கொள்ளும் பங்கு அது. அந்தப் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம்கூட உரிமையாளருக்குக் கிடையாது. பண்டிகைகளின் அட்டவணையைத் தரும் லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே, வயலோரத்தை ஏழைக்கு விடச் சொல்லும் வசனமும் இடம்பெற்றிருப்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அதை எழுதியவர்களுக்குத் திருவிழாவும் வயலோரமும் ஒரே விஷயத்தைச் சேர்ந்தவை.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மருத்துவரும் சட்ட அறிஞருமான மைமோனிடிஸ் இதை மிகக் கடுமையாகவே சொன்னார். பண்டிகை நாளில் உண்டு குடிப்பவன் அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் மற்ற ஏழைகளுக்கும் உணவளிக்கக் கடமைப்பட்டவன். முற்றத்துக் கதவுகளைத் தாழிட்டுக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடிக்கிறவன் அடைவது கட்டளையை நிறைவேற்றும் மகிழ்ச்சி அன்று, வெறும் வயிற்றின் மகிழ்ச்சி என்பது அவர் தம் சட்டத் தொகுப்பில் எழுதிய கருத்து. அறிவுரை நூலில் வரும் வாசகமாக இருந்தால் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பண்டிகை நாளில் எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று விதிக்கும் பகுதியில், மற்ற விதிகளோடு விதியாக இதை அவர் வைத்திருக்கிறார்.

சுக்காவுக்கே உரிய விருந்தோம்பல் வழக்கம் ஒன்றும் உண்டு. அதற்கு உஷ்பிசின் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினில் வெளிப்பட்ட ஸோஹர் என்னும் மறைஞான நூலில் இதன் மூலம் இருக்கிறது. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு, மோசே, ஆரோன், தாவீது ஆகிய ஏழு முன்னோரும் ஏழு இரவுகளில், இரவுக்கு ஒருவராக, பந்தலுக்கு எழுந்தருள்வதாக நம்பிக்கை. வரிசை சமூகத்துக்குச் சமூகம் சற்று மாறும். முதல் இரவு ஆபிரகாமுக்கு. குடும்பத் தலைவர் வாசலில் நின்று, "உள்ளே வாருங்கள், உயர்ந்த விருந்தினர்களே" என்ற பொருளில் அழைப்பு மொழி சொல்வார். சாரா, ரெபெக்கா, மிரியாம், தெபோராள் முதலிய பெண்களையும் சேர்த்து அழைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது.

அழைப்பு மொழி அழகானது. ஆனால் ஸோஹர் அதோடு விடவில்லை. அந்த விண்ணக விருந்தினர்களுக்குரிய உணவுப் பங்கு ஏழைகளுக்குச் சேர வேண்டியது என்றும், அந்தப் பங்கை ஏழைக்குக் கொடுக்காதவனுடைய பந்தலைவிட்டு அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது. சாப்பிட வராத விருந்தாளிக்கு இலை போட்டு, அந்த இலையில் பசித்தவரை உட்காரவைக்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். பகலின் கடும் வெயிலில் கூடாரவாசலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத மூன்று பேரை ஓடிச்சென்று எதிர்கொண்டு உணவளித்தவராக ஆதியாகமம் ஆபிரகாமைக் காட்டுகிறது. முதல் இரவின் விருந்தினராக அவர் அமைந்ததில் வியப்பில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். சுக்கா ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. இஸ்ரவேலர் அனைவரும் ஒரே சுக்காவில் அமரத் தகுதியுடையவர்கள் என்று தல்மூத் கூறுகிறது. முற்றம் இல்லாதவர், மாடி வீட்டு வாடகைக்காரர், பயணி என்று யாரும் பிறருடைய பந்தலில் அமர்ந்து தம் கடமையை நிறைவேற்றிக்கொள்ளலாம். அதனால்தான் பண்டிகை வாரத்தில் வீடு வீடாகப் பந்தலுக்குப் போய் வருவதும், ஜெபஆலய முற்றத்தில் எல்லோருக்குமாகப் பெரிய சுக்கா போடுவதும் இயல்பாக நடக்கின்றன. இரவல் சுக்கா செல்லும். திருடிய சுக்கா செல்லாது. விருந்தோம்பலிலிருந்து நீதிக்குப் போகும் வழி இந்த இரண்டு விதிகளுக்கு நடுவில்தான் இருக்கிறது.

திருடியது செல்லாது என்ற விதி பண்டிகையின் இன்னொரு சடங்கிலும் உண்டு. பேரீச்சையின் குருத்தோலை, மிருதுச்செடியின் கிளைகள், ஆற்றலரிக் கிளைகள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி, நார்த்தை இனத்தைச் சேர்ந்த எத்ரோக் என்னும் கனியோடு சேர்த்துக் கையில் பிடித்து ஆட்டுவார்கள். இவற்றைப் பற்றிப் பேசும் மிஷ்னாவின் அத்தியாயம், திருடிய குருத்தோலை செல்லாது என்ற வாக்கியத்தோடுதான் தொடங்குகிறது. காய்ந்ததும் அதற்கு அடுத்தபடியாகவே தள்ளப்படுகிறது. அநீதியின் வழியாக வந்த புண்ணியத்தைக் கடவுள் ஏற்பதில்லை என்பது இதற்குத் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று.

விலையிலும் நீதி பார்த்திருக்கிறார்கள். 3ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த அறிஞர் ஷ்முவேல், பண்டிகைக் காலத்தில் மிருதுக்கிளைகளின் விலையை ஏற்றிய வியாபாரிகளைப் பார்த்து, "நியாய விலைக்கு விற்றுவிடுங்கள், இல்லாவிட்டால் ரபி தர்போனின் கருத்தையே சட்டமாகப் போதிப்பேன்" என்று எச்சரித்தார். நுனி முறிந்த கிளை செல்லாது என்பது பொதுக் கருத்து. கட்டில் வைக்கும் மூன்று மிருதுக்கிளைகளும் நுனி முறிந்திருந்தாலும் செல்லும் என்பது, முந்தைய காலத்து ரபியான (ரபி என்றால் யூதச் சமய ஆசிரியர்) தர்போனின் கருத்து. முறிந்த கிளையே போதும் என்று அறிஞர் சொல்லிவிட்டால், முறியாத கிளையைக் கூடுதல் விலைக்கு யார் வாங்குவார்கள்? வாங்குபவனின் இயலாமையைக் கருதிச் சடங்கின் அளவுகோலையே தளர்த்தத் தயாராக இருந்த அறிஞர் அவர்.

அதே தல்மூத்தின் சுக்கா பகுதியில் எனக்கு மறக்க முடியாத ஒரு காட்சி இருக்கிறது. ஒரு கிழவி ரவ் நஹ்மான் என்ற நீதிபதியின் முன் வந்து, பாபிலோனிய யூதர்களின் தலைவரும் அவர் வீட்டு அறிஞர்களும் திருடிய சுக்காவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கூச்சலிடுகிறாள். அவளுடைய மரத்தை எடுத்து அந்தப் பந்தலைப் போட்டிருக்கிறார்கள். நீதிபதி அவளைக் கண்டுகொள்ளவில்லை. "318 பணியாட்களைக் கொண்டிருந்த தகப்பனின் மகள் உங்கள் முன் கதறுகிறேன், காதில் விழவில்லையா?" என்கிறாள். ஆதியாகமத்தில் 318 பேரைத் திரட்டிச் சென்றவர் ஆபிரகாம். நானும் ஆபிரகாமின் மகள்தான் என்பது அவள் சொன்னதன் பொருள். நீதிபதியோ, இவள் கூச்சல்காரி, மரத்தின் விலைதான் இவளுக்குச் சேரும் என்று முடித்துவிடுகிறார்.

தீர்ப்புக்குச் சட்டக் காரணம் உண்டு. திருடிய மரத்தை ஒருவன் கட்டடத்தில் பொருத்திவிட்டால், இடித்துத் தரச் சொல்லாமல் விலையைத் தரச் சொன்னால் போதும் என்று அறிஞர்கள் முன்பே விதித்திருந்தார்கள். திருந்த விரும்புகிறவனுக்கு வழி எளிதாக இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனாலும் அந்தப் பெண்ணின் கதறலைத் தொகுப்பாளர்கள் விட்டுவிடவில்லை. அவளை அலட்சியம் செய்த நீதிபதியின் பெயரோடு சேர்த்தே எழுதி வைத்தார்கள். எந்த ஆபிரகாமை முதல் இரவில் பந்தலுக்கு அழைக்கிறார்களோ, அதே ஆபிரகாமின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஏமாற்றப்பட்டவள் வாசலில் நிற்கிறாள். விருந்தோம்பலை மட்டும் பேசி, பந்தலுக்கு மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதி எனக்குத் தெரியாது.

நான்கு தாவரங்களுக்குத் தரப்படும் விளக்கம் பலருக்கும் தெரிந்ததே. எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சைக்குச் சுவை மட்டும். மிருதுவுக்கு மணம் மட்டும். ஆற்றலரிக்கு இரண்டும் இல்லை. கல்வியும் நற்செயலும் உள்ளவர், ஒன்று மட்டும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர் என நான்கு வகை மனிதர்களையும் ஒரே கட்டாகக் கட்டுவதாக, விவிலியத்துக்கான பழைய யூத விளக்க நூலான மித்ராஷ் சொல்கிறது. ஆற்றலரியை விட்டுவிட்டால் சடங்கு நிறைவேறாது. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் இந்த ஏழு நாட்களில் பலியிடப்பட்ட 70 காளைகளும் உலகின் 70 இனங்களுக்காக என்று தல்மூத் விளக்குவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இன்றைக்கு வருவோம். சுக்காவில் ஒரு வாரம் இருந்தால் வீடற்றவரின் துன்பம் புரிந்துவிடும் என்று சில அறிமுகங்கள் சொல்கின்றன. அதை நான் ஏற்கவில்லை. கஞ்சி கெட்டுப்போகுமளவுக்கு மழை பெய்தால் வீட்டுக்குள் போய்விடலாம் என்று மிஷ்னாவே அனுமதிக்கிறது. நோயாளிக்கும் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் விலக்கு உண்டு. பாலத்தடியில் உறங்குபவருக்கு இந்த விலக்குகள் எதுவும் இல்லை. சுக்கா கற்றுத்தருவது வறுமையின் அனுபவத்தை அல்ல. வீடு என்ற ஒன்று தனக்கு இருப்பதைக் கவனிக்கவைப்பதும், கதவில்லாத வாசலில் நிற்பவரைப் பார்க்கவைப்பதும்தான் அதனால் முடியும். அந்த அளவே பெரிது.

2010 செப்டம்பரில் நியூயார்க்கின் யூனியன் ஸ்கொயர் பூங்காவில் பழைய விதிகளுக்குட்பட்டுப் புதுமையான சுக்காக்களை வடிவமைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் இடம்பெற்ற ஒரு சுக்காவின் வெளிப்புறம் முழுக்க, தெருவோரத்தில் உதவி கேட்டு அமர்ந்திருப்பவர்கள் கையால் எழுதிய அட்டைகளால் ஆனது. வடிவமைத்தவர்கள் அந்த அட்டைகளை வீடற்றவர்களிடம் விலை கொடுத்து வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்து வால் ஸ்ட்ரீட் அருகே கூடியிருந்த போராட்டக்காரர்களிடையே இளம் யூதர்கள் சுக்கா ஒன்றை எழுப்பினார்கள். நிலையான பணிகளும் உண்டு. 1985இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மாசோன் என்னும் அமைப்பு, திருமணம் முதலிய விழாக்களுக்கு ஆகும் செலவில் 3 சதவீதத்தைப் பசித்தவர்களுக்காக ஒதுக்கும்படி யூதக் குடும்பங்களைக் கேட்டுக்கொண்டது. உபாகமத்தின் விருந்தினர் பட்டியலை நவீன நகரத்துக்கு ஏற்றபடி நடைமுறைப்படுத்தும் வழி அது.

அந்நியன் யார் என்ற கேள்வி மிகக் கடினமாக இருக்கும் இடம் இஸ்ரேலும் பாலஸ்தீனமும்தான். சுக்கோத்தை ஒட்டிய வாரங்களில்தான் அங்கே ஒலிவ அறுவடையும் தொடங்குகிறது. 1988இல் நிறுவப்பட்ட 'மனித உரிமைகளுக்கான ரபிகள்' என்ற இஸ்ரேலிய அமைப்பினர், மேற்குக் கரையில் பாலஸ்தீன விவசாயிகளோடு ஒலிவத் தோட்டங்களுக்குச் சென்று, அவர்கள் தடையின்றிப் பறிக்கத் துணை நிற்கிறார்கள். 2023 அக்டோபர் 7 அன்று, பண்டிகைக் காலம் நிறைவடையும் நாளிலேயே ஹமாஸ் தாக்குதல் நடந்தது. தொடர்ந்து காசாவில் போர் மூண்டது. அதற்குப் பிறகு இந்த வாரம் பல குடும்பங்களுக்குத் துக்க வாரமாகவும் ஆகிவிட்டது. அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் ஒலிவ மரங்களிடையே போய் நிற்பவர்களை நான் மதிக்கிறேன்.

சுக்காவுக்கு அழைப்பு வந்தால் யூதரல்லாதவரும் தயங்காமல் போகலாம். போனால் கூரையில் தொங்கும் மாதுளை, திராட்சை, குழந்தைகள் செய்த காகிதச் சங்கிலி ஆகியவற்றைக் காணலாம். திராட்சை ரசத்தின்மேலும் ரொட்டியின்மேலும் வாழ்த்துச் சொன்ன பிறகு சாப்பாடு தொடங்கும். கூரையைக் காட்டி இது எதனால் ஆனது என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். சமைத்த உணவை எடுத்துச் செல்வதாக இருந்தால், அவர்கள் கோஷர் உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

கொண்டாடும் குடும்பங்களிலோ ஏழைகளுக்கான வேலை பந்தலில் விளக்கேற்றுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பண்டிகைக்கு முந்தின நாளில் தாராளமாகத் தர்மம் செய்வது பழைய வழக்கம். பண்டிகை நாளில் பணத்தைக் கையாளக்கூடாது என்பதால் மட்டும் அன்று. பெறுகிறவரும் கடைக்குப் போய், தமக்கு வேண்டியதைத் தாமே தேர்ந்து வாங்கி, தம் வீட்டில் சமைத்து, தமக்கென்று விருந்தாளிகளை அழைக்க அவகாசம் இருக்க வேண்டும் அல்லவா.